இருப்புப் பதிவும் உருப்படிப் பதிவும்: மூன்று அடுக்குப் பட்டியலில் சில ஆண்டுகள்

நூலின் விவரத்துக்கு ஒரு பதிவு, அது வைக்கப்பட்டுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இருப்புப் பதிவு, இரவலுக்குச் செல்லும் ஒவ்வொரு படிக்கும் ஓர் உருப்படிப் பதிவு என்ற மூன்று அடுக்கு முறையை ஃபோலியோ என்னும் நூலக மேலாண்மை மென்பொருளில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன் கோஹா என்னும் மற்றொரு நூலக மென்பொருளில் பணியாற்றினேன். அங்கே பார்கோடு, அழைப்பு எண் (நூலை அலமாரியில் கண்டெடுக்க உதவும் எண்), உரிமை நூலகம், தற்போது இருக்கும் நூலகம், அலமாரிப் பிரிவு எல்லாவற்றையும் மார்க் 21 என்னும் பட்டியல் தரவு வடிவில் அமைந்த பதிவின் 952ஆம் புலம் ஒன்றே தாங்கிக்கொள்ளும். இரண்டிலும் பழகிய பின் எனக்கு உறுதியானது இதுதான்: ஒரு தகவல் எந்த அடுக்கு வரை மாறாமல் பொருந்துகிறதோ அந்த அடுக்கில் மட்டும் அதை எழுதினால் மூன்றடுக்கு முறை வேலையைக் குறைக்கும், அதையே கீழேயும் எழுதினால் வேலையை இரட்டிப்பாக்கும்.

ஒரே கட்டடத்தில், தலைப்புக்கு ஒரு படி மட்டும் வைத்திருக்கும் நூலகத்துக்கு இருப்புப் பதிவு கூடுதலாக நிரப்ப வேண்டிய ஒரு திரைதான். அங்கே கோஹாவின் முறையே வசதியானது.

பல கிளைகளும் பல படிகளும் உள்ள இடத்தில் நிலைமை வேறு. ஃபோலியோவில் ஒரு படியின் நடைமுறை இருப்பிடம் நான்கு புலங்களிலிருந்து கணக்கிடப்படுகிறது: முதலில் உருப்படியின் தற்காலிக இருப்பிடம், அது காலியாக இருந்தால் உருப்படியின் நிரந்தர இருப்பிடம், அதுவும் இல்லையெனில் இருப்புப் பதிவின் தற்காலிக இருப்பிடம், கடைசியாக அதன் நிரந்தர இருப்பிடம். உருப்படியில் எதையும் எழுதாமல் விட்டிருந்தால், குறிப்புதவிப் பிரிவிலிருந்து பொது அடுக்குக்குப் பல தொகுதிகள் கொண்ட ஒரு நூல் மாறும்போது, இருப்புப் பதிவில் ஒரே திருத்தம் போதும். அதன் கீழுள்ள படிகள் அனைத்தும் உடன் மாறிவிடும். யாரேனும் ஒருவர் ஆர்வத்தோடு உருப்படியிலும் நிரந்தர இருப்பிடத்தை நிரப்பியிருந்தால், அந்தப் படி மட்டும் பட்டியலில் பழைய பிரிவிலேயே நிற்கும். திரையில் எச்சரிக்கை எதுவும் தெரியாததால், வாசகர் அடுக்கில் தேடி ஏமாந்த பிறகே பிழை நம் கவனத்துக்கு வரும். எனவே உருப்படியின் நிரந்தர இருப்பிடத்தைக் காலியாகவே விடுவதை விதியாக வைத்துக்கொண்டோம். கண்காட்சி, கட்டுப்பணி போன்றவற்றுக்குத் தற்காலிக இருப்பிடத்தைப் பயன்படுத்துகிறோம். அது நிரம்பியுள்ள உருப்படிகளை அவ்வப்போது வடிகட்டிப் பார்ப்பது தனி வேலை. அழைப்பு எண்ணுக்கும் இதே தர்க்கம்தான். உருப்படியில் எண் இருந்தால் அதுவே வெல்லும். இல்லையெனில் இருப்புப் பதிவின் எண் செல்லும்.

புதிய படி வாங்கும்போது அதே இருப்பிடத்துக்கு இன்னொரு இருப்புப் பதிவு உருவாகிவிடுவது அடிக்கடி கண்ட தொல்லை. கொள்முதல் செய்பவர் ஏற்கெனவே உள்ள பதிவைத் தேர்ந்தெடுக்காமல் புதிதாக ஒன்றைத் தொடங்குவதே பெரும்பாலும் காரணம். உருப்படிகளை ஓர் இருப்புப் பதிவிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் வசதி மென்பொருளிலேயே இருப்பதால் சரிசெய்வது எளிது, கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இந்த அமைப்பு தன் மதிப்பைக் காட்டுவது பருவ இதழ்களில்தான். மார்க் 21இன் இருப்பு வடிவத்தில் 852ஆம் புலம் இருப்பிடத்தையும் அழைப்பு எண்ணையும் தருகிறது. 853, 863 ஆகிய இணைப் புலங்கள் தொகுதி, இதழ், ஆண்டு என்னும் வரிசையைக் குறியீடாகப் பதிகின்றன. 866 அதே செய்தியை மனிதர் படிக்கும் ஒரே வரியாகச் சொல்கிறது. இணைப்பிதழ்களுக்கு 867, சுட்டிகளுக்கு 868. நின்றுபோன இதழ்களுக்கு 866 தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. தொடர்ந்து வரும் இதழ்களுக்குக் குறியீட்டுப் புலங்களை நிரப்பும் உழைப்பு, உங்கள் மென்பொருள் அவற்றைக் கொண்டு அடுத்த இதழை உண்மையிலேயே கணித்துக் காட்டினால் மட்டுமே தகும். சேமித்து வைப்பதோடு நின்றுவிடும் மென்பொருளுக்காக அவற்றை நிரப்புவதில் பயனில்லை.

866 வரியை எழுதும்போது நிறுத்தக்குறிகளில் அலட்சியம் கூடாது. இருப்பு விவரங்களை எழுதும் முறைக்கான இசட்39.71 தரத்தின்படி காற்புள்ளி, நம்மிடம் இதழ் விடுபட்டுள்ளது என்பதைக் காட்டும். அரைப்புள்ளி, வெளியீட்டிலேயே எண்வரிசை தொடரவில்லை, நம்மிடம் குறையில்லை என்பதைக் காட்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால், பிற நூலகத்துக்கு இரவல் அனுப்பும் பணியாளர் இல்லாத இதழைத் தேடிக்கொண்டிருப்பார். கட்டுத் தொகுதி ஒவ்வொன்றும் உருப்படியாகவும் இருப்பதால், தொலைந்த தொகுதியை உருப்படியில் குறித்துவிட்டு 866ஐத் திருத்தாமல் விடும் வாய்ப்பும் அதிகம். ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின்போது இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தொகுதி எண்ணை வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தும் அறிக்கைகளில் 10ஆம் தொகுதி 2ஆம் தொகுதிக்கு முன்னால் வந்து நிற்கும் என்பதால், எண்களுக்கு முன் சுழியம் சேர்க்கும் பழைய வழக்கத்தையும் கைவிட வேண்டாம்.

ஒரே கட்டுக்குள் பல தலைப்புகள் இருக்கும் பழைய நூல்களுக்கும் நல்ல வழி இருக்கிறது. ஒரு பார்கோடு கொண்ட ஓர் உருப்படியைப் பல இருப்புப் பதிவுகளோடு பிணைக்கலாம். ஒருவர் அதை இரவல் பெற்றால் எல்லாத் தலைப்புகளிலும் அது வெளியே சென்றிருப்பது தெரியும்.

உருப்படி மட்டும் உள்ள அமைப்பிலிருந்து மாற எண்ணுவோர் தரவைப் புதிய மென்பொருளுக்குப் பெயர்ப்பதற்கு முன் அழைப்பு எண்களைக் கட்டாயம் சுத்தம் செய்ய வேண்டும். இருப்பிடமும் அழைப்பு எண்ணும் ஒன்றாக உள்ள உருப்படிகளைச் சேர்த்தே இருப்புப் பதிவுகள் உருவாக்கப்படுவது வழக்கம். ஒரு படியின் எண்ணில் இறுதியில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தாலும், மற்றொன்றில் புள்ளி ஒன்று விடுபட்டிருந்தாலும், நிரல் அவற்றை வெவ்வேறு எண்களாகக் கொண்டு தனித்தனி இருப்புப் பதிவுகளை உருவாக்கிவிடும். படி எண்ணையோ தொகுதி எண்ணையோ அழைப்பு எண்ணின் வாலில் எழுதும் வழக்கம் உள்ள நூலகங்களில் படிக்கு ஓர் இருப்புப் பதிவு வந்து சேரும். அந்த வாலை வெட்டி உருப்படியில் அதற்கென உள்ள புலத்துக்கு மாற்றிய பிறகே பெயர்ப்பைத் தொடங்கச் சொல்லுங்கள்.