ஒன்பது வருஷம், மூன்று ஊர் ஆட்டு எரு

சேலம் ஜில்லா வாழப்பாடிப் பக்கம் இரண்டு ஏக்கர் மஞ்சளும் மரவள்ளியும், ஏற்காடு மலைமேல் நாகலூர் பக்கம் மூன்று ஏக்கர் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். 2015-லிருந்து இரண்டு இடத்துக்கும் செம்மறி எருதான். மேச்சேரி, நங்கவள்ளிப் பக்கம் வாங்கினேன்; காங்கயம், தாராபுரம் பக்கமிருந்து இறக்கினேன்; ராமநாதபுரத்துக் கீதாரிகளை, அதாவது மந்தையோடு ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரர்களை, அழைத்துக் கிடையும் போட்டேன் (ராத்திரியில் ஆட்டை வயலிலேயே அடைத்து வைப்பது). "எந்த ஊர் எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஜாஸ்தி?" என்று கேட்காத ஆள் இல்லை.

வேளாண் பல்கலைக்கழகக் கணக்குப்படி ஆட்டு எருவில் தழைச்சத்து 3 சதவீதம். தொழு உரத்தில் அரை சதவீதம். அப்படியானால் டன்னுக்கு 30 கிலோ, யூரியாவாகப் பார்த்தால் 65 கிலோ என்று முதல் வருஷம் நோட்டில் எழுதி வைத்தேன். அந்த 30 கிலோ ஒரு வருஷம்கூட முழுசாக வயலுக்கு வந்து சேரவில்லை.

மேச்சேரி ஆடு நம்ம ஜில்லாவின் சொந்த இனம். பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2016 சித்திரையில் மேச்சேரிப் பக்கம் ஒரு பட்டியிலிருந்து வந்த எருவுக்கு மஞ்சள் இலை கருகருவென்று நின்றது. மறு சித்திரையில் அதே பட்டி, அதே ஆள், அதே விலை. இலை வெளுத்துப்போனது. ஆய்வுக்குக் கொடுத்தால் முந்தைய வருஷத்தில் பாதிகூடத் தேறவில்லை. பட்டிக்காரரைத் திட்டலாம் என்று போனேன். மனுஷன் ஆட்டைக் காட்டினார், விலா எலும்பை எண்ணலாம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததில் கடலைக்கொடி இல்லை, காய்ந்த தட்டையும், மரவள்ளியில் மாவு எடுத்தபின் மிஞ்சும் ஜவ்வரிசி ஆலைத் திப்பியும்தான் தீனி. திப்பியில் மாவும் நாரும் உண்டு, புரதம் பேருக்குத்தான். புரதம் வாயில் போகாமல் தழைச்சத்து பின்னால் எப்படி வரும்? அன்றையிலிருந்து எருவின் விலையைக் கேட்குமுன் ஆடு என்ன தின்றது என்று கேட்கிறேன்.

காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) எரு ஆய்வில் எப்போதும் மேலேதான் நின்றது. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், கோடையில் புல் காய்ந்தாலும் உதிர்கிற வெள்வேலங்காய். அந்தக் காயில் புரதமும் உண்டு, துவர்ப்பும் உண்டு. துவர்ப்பு புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் சிறுநீரில் போகவேண்டிய தழைச்சத்தில் ஒரு பங்கு புழுக்கையோடு வந்துவிடுகிறது. அள்ளி விற்கிற எருவுக்கு இது பெரிய லாபம். ஆனால் லாரி வாடகையைச் சேர்த்தால் அந்த லாபம் கரைந்துவிடும்.

ஆய்வு முடிவு உலர்ந்த எடைக்கு. நாம் காசு கொடுப்பதோ ஈரத்துக்கும் மண்ணுக்கும் சேர்த்து. நான் செய்வது இதுதான்: லோடு வந்ததும் நடுவிலிருந்து ஒரு கிலோ எடுத்து வெயிலில் காயவைத்து நிறுப்பேன். அப்புறம் அதை நசுக்கி வாளித் தண்ணீரில் கலக்குவேன். நார் மேலே வரும், மணல் அடியில் படியும். ஒருமுறை அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் செம்மண்! பட்டியைக் கூட்டி வழித்து ஏற்றியிருக்கிறார்கள். தார்ப்பாயைத் திறந்ததும் மூக்கில் சுரீரென்று ஏறினால் "நல்ல காரமான எரு அண்ணே" என்பார் டிரைவர். ஏறுவது அம்மோனியா, நாம் காசு கொடுத்த தழைச்சத்துதான் கிளம்பிப் போகிறது.

கிடையின் கணக்கே வேறு. ஆடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி சிறுநீரில். "அள்ளி விக்கிறவன் பாதிய பட்டியிலேயே விட்டுட்டு வர்றான் தம்பி" என்றார் ஒரு கீதாரி. முதல் தடவை கிடை எடுத்து நான்கு நாள் டிராக்டருக்குக் காத்திருந்தேன். எங்கள் மண்ணில் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், அதிகம்; அதனால் கார மண். கார மண்ணில் அம்மோனியா நிற்காது. தெருவரை நாறியது. அடுத்த வருஷம் கிடை நகர்ந்த காலையிலேயே மேலாக உழுதேன், பயிரில் வித்தியாசம் கண்கூடு. ஒரே தொல்லை, புழுக்கையோடு வந்த சீமைக்கருவேல் விதை. இரண்டு வருஷம் கன்று பிடுங்கினோம், என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

மலையில் கிடைக்கு வழியில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். "ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்" என்பார்கள். கீழே சரி. மேலே மாசியில் காப்பி நிழலில் போட்ட புழுக்கையை வைகாசியில் எடுத்துப் பிளந்தால் உள்ளே போட்ட நாள் மாதிரியே காய்ந்த நார். இப்போது நசுக்கி, ஆனி மழை பிடித்த பிறகு, மேல்மண்ணைக் கிளறிப் போடுகிறேன். இன்னொரு தப்பும் செய்தேன்: புளிப்பு மண் ஆயிற்றே என்று நீற்றுச் சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் தூவினேன். தோட்டத்தில் நின்றவர்களுக்குக் கண் எரிந்தது. சுண்ணாம்பு அம்மோனியாவை விரட்டிவிடும். இப்போது இரண்டுக்கும் நடுவே ஒரு மாசமாவது இடைவெளி விடுகிறேன்.

இந்த வருஷம் கீழ்க்காட்டுக்குக் கிடை. மலைக்கு மேச்சேரி எரு, மழை நன்றாகப் பெய்து கடலைக்கொடி தின்ற ஆட்டுடையது. பட்டிக்காரருக்கு என் செலவில் நாலு தகரம் வாங்கிக் கொடுத்துக் குவியலுக்குக் கூரை போடச் சொல்லியிருக்கிறேன். விலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார். காயவைத்த எடைக்குத்தான் காசு என்று சொல்லியிருக்கிறேன், இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.