ஈரோட்டிலிருந்து கடற்கரையைப் பார்க்க: கோப்பர்நிக்கஸ் பிரவுசர் மதிப்புரை

கடலே இல்லாத ஈரோட்டில் இருந்துகொண்டு கடற்கரையைக் கண்காணிக்கும் கருவி ஒன்றுக்கு மதிப்புரை எழுதுவது வேண்டாத வேலையாகத் தோன்றலாம். ஆனால் பூம்புகாரிலும் பழையாறிலும் கடலைச் சேர வேண்டிய வண்டலில் ஒரு பெரும் பங்கு 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலும், 1950களில் எழுந்த பவானிசாகரிலும் தங்கிவிடுகிறது. எஞ்சியதிலும் கரூர், நாமக்கல் பக்கத்து ஆற்றுமணல் லாரிகளில் ஏறிப் போயிற்று. ஆற்றின் மேல்பாதியில் குடியிருக்கும் நாம் அதன் கடைமடைக்கு அப்பால் நடப்பதைப் பார்க்க ஒரு வழி வேண்டும். அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் இலவசமாக நடத்தும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையச் சேவை எவ்வளவு தூரம் உதவும் என்பதே இங்குப் பேசப்படுகிறது.

படங்களைப் பார்ப்பதற்குக் கணக்குத் தேவையில்லை. தரவிறக்கம் செய்ய மட்டும் இலவசக் கணக்கு வேண்டும். இடத்தைத் தேர்ந்து, நாளைக் குறித்து, மேக அளவை வடிகட்டினால் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து இயங்குவதால் ஐந்து நாளுக்கு ஒரு முறை அதே இடத்தின் படம் கிடைக்கிறது. புதியவர்கள் முதலில் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பழகிக்கொள்வது நல்லது. கோடையிலும் ஆடிப்பெருக்கின் போதும் நீர்ப்பரப்பு எப்படிச் சுருங்கி விரிகிறது என்பது நமக்கு ஏற்கெனவே தெரியுமாதலால், நீரையும் நிலத்தையும் பிரித்துக் காட்டும் நிறத் தெரிவுகளின் பொருள் சட்டென விளங்கிவிடும்.

அதன் பிறகு புதுச்சேரிக்குப் போகலாம். இந்தக் கருவியின் திறனை அறிய அதைவிட நல்ல இடம் எனக்குத் தென்படவில்லை. கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்ததால் நகரத்தின் முன்னிருந்த மணற்கரை அழிந்து, கருங்கற்களே கரையாக நின்றன. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி 2018இல் வடக்குப் பகுதியில் நீருக்கடியில் ஒரு தடுப்பு அமைக்கப்பட்ட பின் மணல் திரும்பியது. ஒப்பீட்டுப் பலகத்தில் அதற்கு முந்தைய பிப்ரவரிப் படத்தையும் பிந்தைய பிப்ரவரிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நகர்த்திப் பார்த்தால் இந்த வரலாற்றின் பின்பாதி கண்முன் விரிகிறது. மாதம் ஒன்றாக இருப்பது முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் கரை இளைத்துக் கோடையில் தேறுவது இயல்பு என்பதால், டிசம்பரையும் மே மாதத்தையும் ஒப்பிட்டுக் கடல் அரிப்பு என்று முடிவுகட்டுவது தவறாகும்.

கொள்ளிடத்தின் முகத்துவாரமும் அவ்வாறே பார்க்கத் தக்கது. பழையாறு, கொடியம்பாளையம் பக்கத்து மணல் திட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு வடிவம் மாறுகின்றன. அருகிலேயே பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு அகச்சிவப்புத் தெரிவில் அடர்ந்த சிவப்பாகத் தனித்துத் தெரிகிறது.

இனி இதன் எல்லைகள். சென்டினல்-2இன் ஒரு படப்புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட் நிலம். ஒரு தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கட்டப்பட்டதா, அதன் ஒருபுறம் மணல் சேர்ந்ததா என்று பார்க்க இது போதும். கரை ஆண்டுக்கு இரண்டு மீட்டர் பின்வாங்குகிறதா என்பதை ஒரு சோடிப் படங்களைக் கொண்டு சொல்ல முடியாது. பல ஆண்டுப் படங்களின் போக்கிலிருந்துதான் சொல்ல முடியும். அதிலும் ஓதத்தின், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதன், கணக்கு குறுக்கிடுகிறது. இருபதுக்கு ஒன்று என்ற சரிவுள்ள மணற்கரையில் கடல் அரை மீட்டர் ஏறினாலே நீர்விளிம்பு பத்து மீட்டர், அதாவது ஒரு முழுப் படப்புள்ளி, நகர்ந்துவிடும். செயற்கைக்கோள் எப்போதும் முற்பகலில்தான் கடக்கிறது என்றாலும் ஓதம் அந்த நேரத்துக்குக் காத்திருப்பதில்லை. ஓத அட்டவணையைப் பாராமல் இந்தப் படங்களிலிருந்து மீட்டர் கணக்கில் அரிப்பைச் சொல்பவர்களின் அறிக்கைகளை நான் ஐயத்துடனேயே படிப்பேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை பார்க்கும் திருப்பூர், கோவை அன்பர்களுக்கும் ஒரு சொல். கட்டடங்களுக்குக் கட்டுப்பாடுள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தின் எல்லை உயர் ஓதக் கோட்டிலிருந்து அளக்கப்படுவது. அந்தக் கோட்டை வரையும் அதிகாரம் பெற்ற நிறுவனங்கள் தனியே உள்ளன. இந்தப் படத்தில் அளவுகோலை இழுத்து 500 மீட்டர் தாண்டிவிட்டது என்று பத்திரம் முடிக்கப் போக வேண்டாம்.

மழைக்காலத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் பெரும்பாலான படங்களை மறைத்துவிடும். அப்போது சென்டினல்-1 ரேடார் படங்களுக்கு மாறலாம். அவை மேகத்தையும் இரவையும் பொருட்படுத்துவதில்லை, வெள்ளம் தேங்கிய வயல்கள் கருமையாகப் பதிவாகும். ஆனால் காற்றில் கடல் கொந்தளிக்கையில் நீரும் மணலும் ஒரே சாயலில் தெரிவதால் கரைக்கோட்டைப் பிரிக்கப் பழகிய கண் வேண்டும்.

முதல் சென்டினல்-2 விண்ணில் ஏறியது 2015 ஜூனில். அதற்கு முந்தைய காலத்தைத் தேடுவோர் அமெரிக்காவின் லேண்ட்சாட் தொகுப்பை நாட வேண்டும். அதில் 1980கள் முதல் 30 மீட்டர் படங்கள் உள்ளன. தமிழ் இடைமுகம் இல்லாதது பள்ளி மாணவர்களுக்குத் தடையாக இருக்கும்; அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் பொத்தான்களின் பொருளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். கைபேசியின் சிறு திரையில் ஒப்பீட்டுப் பலகத்தைக் கையாள்வது கடினம். மடிக்கணினியும் நிலையான இணைப்பும் இருந்தால் மட்டுமே இதில் உட்காருங்கள்.