சென்னையில் கிறிஸ்துமஸ்: சாந்தோமா, பெசன்ட் நகரா, எழும்பூரா, பாரிமுனையா?

டிசம்பர் பிறந்துவிட்டால் நண்பர்கள் தவறாமல் கேட்பது இது: கிறிஸ்துமஸுக்குச் சென்னையில் எங்கே போகலாம்? கேட்பவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை. குடில் பார்க்க வேண்டும், பாட்டு கேட்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவைக் காட்ட வேண்டும், நல்ல கேக் வேண்டும். அவ்வளவுதான். வழக்கமாகக் கிடைக்கும் பதிலும் இரண்டே வார்த்தை: சாந்தோம், மால்.

எனக்கு இந்தப் பதிலில் முழுச் சம்மதம் இல்லை. இந்த ஊரில் கிறிஸ்துமஸின் கலகலப்பெல்லாம் 25-ஆம் தேதிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் இருக்கிறது. 24 இரவு உச்சம். 25 காலை ஆராதனை முடிந்ததும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டுக்குப் போய்ப் பிரியாணிக்கு உட்கார்ந்துவிடும். அன்று மாலை நாலு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்புகிறவர்களுக்கு விடுமுறை நாள் கூட்டம்தான் கிடைக்கும். அதனால் ஒவ்வோர் இடத்தையும் என்றைக்கு, எத்தனை மணிக்கு, யாரோடு போவது என்ற கணக்கில் எடை போட்டிருக்கிறேன்.

நள்ளிரவுத் திருப்பலி: சாந்தோமும் பெசன்ட் நகரும்

சாந்தோமுக்கு உள்ள பெயர் சும்மா வந்ததில்லை. இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறைமேல் எழுந்த ஆலயம் என்பது நம்பிக்கை. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டியதை எடுத்துவிட்டு, இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடத்தை ஆங்கிலேயர் காலத்தில் எழுப்பி 1896-இல் முடித்தார்கள். கோபுரம் 155 அடி. 1986-இல் போப் இரண்டாம் ஜான் பால் சென்னை வந்தபோது இங்கே வந்து ஜெபித்தார். ஆலயத்துக்குப் பின்னால் கடற்கரைப் பக்கம் தோமா நட்டதாகச் சொல்லப்படும் கம்பம் ஒன்று இருக்கிறது. கடல் அதைத் தாண்டாது என்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தப் பேச்சு இன்னும் வலுத்துவிட்டது.

இரவு பதினொன்றரை வாக்கில் திருப்பலி, அதாவது கத்தோலிக்கர்களின் பூசை, தொடங்கும். நேரம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார இடம் வேண்டுமென்றால் பத்து மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். தாமதமாகப் போனால் வளாகத்தில் நின்றபடி ஒலிபெருக்கியில்தான் கேட்க முடியும்.

போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் திருப்பலியில் ‘வானவர் கீதம்’ என்ற புகழ்ச்சிப் பாடலைப் பாடுவதில்லை. அந்த இடைவெளிக்குப் பிறகு இந்த இரவில் அது திரும்ப வருகிறது. பாட்டு எழும்பியதும் மணிகள் ஒலிக்கும், குழந்தை இயேசுவின் சொரூபத்தைக் குடிலில் வைப்பார்கள். அதுவரை மாதாவும் சூசையும் ஆடுமாடுகளும் சுற்றி நிற்க, நடுவில் வைக்கோல் மட்டும் காலியாகக் கிடக்கும். வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் காத்திருப்பது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். இதைத் தவறவிட்டு வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அப்புறம் இன்னொரு விஷயம்: நற்கருணை (இயேசுவின் உடலாக ஏற்கும் அப்பம்) வாங்க வரிசை நகரும்போது, கத்தோலிக்கர் அல்லாதவர்கள் இடத்திலேயே இருந்துவிடுவது முறை. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலின் சுபாவமே வேறு. கட்டியது 1972-இல். பழமை தேடிப் போகிறவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் மெழுகுவத்தியோடும் மாலையோடும் வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் இந்துக்கள். மாதாவிடம் நேர்ந்துகொண்டவர்கள், வேண்டுதல் பலித்தவர்கள், சும்மா கும்பிட வந்தவர்கள் என்று எல்லோரும் இருப்பார்கள். உங்களை யாரும் வெளியாளாகப் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே வெளியாள் என்று யாரும் கிடையாது. உள்ளே இடம் கிடைக்காவிட்டால் வெளியே தரையில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடலாம். பிள்ளை சிணுங்கினால் நாலு எட்டு வைத்தால் எலியட்ஸ் கடற்கரை, சுண்டலும் பஞ்சுமிட்டாயும் அங்கேயே. வயதான அம்மா, கைக்குழந்தை என்று குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் பெசன்ட் நகரைத்தான் சொல்வேன். தனியாகவோ இருவராகவோ போய், திருப்பலியை முழுதாகப் பார்க்க நினைப்பவர்கள் சாந்தோம் போகட்டும்.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் திரும்பி வருவது. மெட்ரோ இரவு பதினொன்றோடு நின்றுவிடும். திருப்பலி முடிய ஒரு மணிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. இரண்டு சக்கர வண்டி இருந்தால் உத்தமம். காரை சாந்தோம் நெடுஞ்சாலையில் நிறுத்த ஆசைப்படாதீர்கள், மயிலாப்பூர் உள்தெரு எதிலாவது விட்டுவிட்டு நடந்து போங்கள்.

கண் விழிக்க முடியாதவர்களுக்கு அதிகம் பேசப்படாத மூன்றாவது வழி ஒன்று உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ்ச் சபைகள் பலவற்றில் 25 விடியற்காலை நாலு, நாலரைக்கே ஆராதனை தொடங்கிவிடும். மார்கழிப் பனி, பட்டுப்புடவை, மல்லிகை, தூக்கம் கலையாத பிள்ளைகள். தஞ்சைப் பக்கம் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்த கீர்த்தனைகளை ராகத்தோடு சபையே சேர்ந்து பாடும். அதே நேரத்தில் பக்கத்துத் தெருப் பெருமாள் கோயிலில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஒரு மணி நேரச் சென்னையை எந்த மாலிலும் கட்டி எழுப்ப முடியாது.

பாட்டு: கிர்க், கதீட்ரல், தெரு

ஒரே ஒரு மாலைதான் ஒதுக்க முடியும் என்றால் அதை எழும்பூருக்கு ஒதுக்குங்கள். புனித ஆந்திரேயா ஆலயம் 1821-இல் திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டியதால் பழைய சென்னைவாசிகளுக்கு அது இன்றும் ‘கிர்க்’ (ஸ்காட்லாந்து வழக்கில் தேவாலயம்). லண்டனிலுள்ள செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் ஆலயத்தின் சாயலில் எழுந்தது. சேற்று நிலம் என்பதால் கிணறுகள் இறக்கி அவற்றின்மேல் அஸ்திவாரம் போட்டார்கள். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் வட்டக் கூரை முழுக்க ஆழ்ந்த நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். அதன் அடியில் பைப் ஆர்கன் ஒலிக்க, பாடகர் குழு நாலு குரலாகப் பிரிந்து பாடுவதைக் கேட்பது தனி அனுபவம். பக்தி இருக்கிறதா இல்லையா என்பது அங்கே இரண்டாம்பட்சம்.

கதீட்ரல் சாலை செயின்ட் ஜார்ஜ் பேராலயம் அதைவிடச் சற்றே மூத்தது, 1816-இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானதும் இதே கட்டடத்தில்தான். நீண்ட வளாகம், மரநிழல், கம்பீரம் எல்லாம் உண்டு. இரண்டு இடத்திலும் கேரல் (கிறிஸ்துமஸ் பாடல்) ஆராதனைகள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் மாலை வேளையில் நடக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஒன்பது வேத வாசிப்புகள், நடுநடுவே பாட்டு என்ற அமைப்பு பரவலாக உண்டு. இங்கிலாந்தில் ட்ரூரோ என்ற ஊரில் 1880-இல் தொடங்கி, 1918 முதல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி வழியாக உலகெங்கும் பரவிய முறை அது. இரண்டில் எது என்றால் கிர்க்தான் என் தேர்வு. வட்டமான கூடம் என்பதால் எங்கே உட்கார்ந்தாலும் பாடுகிறவர்களிடமிருந்து ரொம்பத் தள்ளி இருக்க மாட்டீர்கள்.

ஆராதனையாக இல்லாமல் கச்சேரியாகக் கேட்க நினைப்பவர்கள் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் டிசம்பர் நிகழ்ச்சியைத் தேடிப் பாருங்கள். 1893-இல் தொடங்கிய சேர்ந்திசைக் குழு அது. கதீட்ரல் சாலையில் ஒரு கோடியில் பேராலயம், நேராக நடந்தால் டி.டி.கே. சாலை முனையில் மியூசிக் அகாதமி. ஒரே வாரத்தில் இங்கே கேரலும் அங்கே தோடியும் கேட்கலாம். சபா கேன்டீன் டிபனும் சேர்ந்தால் அந்த மாலைக்கு வேறென்ன வேண்டும்!

தெருவில் வரும் ‘கேரல் ரவுண்ட்ஸ்’ இவை எல்லாவற்றுக்கும் எதிர்முனை. டிசம்பர் நடுவிலிருந்து ஒவ்வொரு சபையின் இளைஞர்களும் வேன் பிடித்து, கிதார், டிரம், கஞ்சிரா சகிதம் வீடு வீடாகப் போவார்கள். சுருதி அங்கே இங்கே போகும், தாத்தா வேஷக்காரர் குத்தாட்டம் போடுவார். வீட்டுக்காரர் காபியோ கேக்கோ கொடுத்து, காணிக்கைக் கவரையும் நீட்டுவார். பெரம்பூர், வேப்பேரி, ராயபுரம், அயனாவரம், பரங்கிமலை மாதிரியான பகுதிகளில் இது நள்ளிரவு தாண்டியும் ஓடும். டிக்கெட் இல்லை, அட்டவணை இல்லை. அந்தப் பக்கம் ஒரு நண்பர் இருக்க வேண்டும், அவர் “இன்னைக்கு எங்க வீட்டுக்கு வராங்க, நீங்களும் வந்துருங்க” என்று கூப்பிட வேண்டும். அழைப்பு வந்தால் கிர்க்கைக்கூட விட்டுவிட்டு இதற்குப் போகலாம்.

அலங்காரம்: மாலா, பாரிமுனையா

ஷாப்பிங் மால்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. வேளச்சேரி பீனிக்ஸ், ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ, அண்ணா நகர் வி.ஆர். எதுவாக இருந்தாலும் நடுக்கூடத்தில் உயரமான மரம், பஞ்சுப் பனி, தாத்தாவோடு படம் எடுக்க வரிசை. ஏ.சி. உண்டு, சுத்தமான கழிவறை உண்டு. ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் அது பெரிய விஷயம்தான், கேலி செய்ய மாட்டேன். வார நாளில் காலையில் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். வார இறுதி மாலையில் வண்டியை வெளியே எடுப்பதற்குள் பண்டிகை ஆசையே போய்விடும்.

பாரிமுனைக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில்தான் மாலுக்கும் நம் வீட்டு வாசலுக்கும் அலங்காரம் பிறக்கிறது. நாராயண முதலி தெருவில் நட்சத்திரம், ஜிகினாச் சரம், பிளாஸ்டிக் மரம், மணி, தாத்தாத் தொப்பி எல்லாம் குவியல் குவியலாக இருக்கும். காகிதம், அட்டை, வாழ்த்து அட்டைக்கு ஆண்டர்சன் தெரு. மொத்த வியாபாரம் என்பதால் ஒரு டஜனாக எடுத்தால் விலை நன்றாக இறங்கும். அபார்ட்மென்டில் நாலு வீடு சேர்ந்து வாங்கினால் லாபம். எல்.இ.டி. நட்சத்திரம் வாங்கினால் கடையிலேயே பிளக்கில் போட்டு எரியவிட்டுப் பாருங்கள். காகித நட்சத்திரம்தான் அழகு, ஆனால் டிசம்பர் மழை ஒன்று பெய்தால் கதை முடிந்தது. அதனால் மொட்டை மாடிக்கு எல்.இ.டி., வராந்தாவுக்குக் காகிதம்.

மெட்ரோவில் உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கார் வேண்டவே வேண்டாம். மொத்தக் கடைகள் பல ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். கைவண்டி, சைக்கிள், மூட்டை தூக்குபவர், எல்லாம் ஒரே சந்தில் வரும். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் கட்டாயம் அழைத்துப் போங்கள். குடில் பொம்மைகளைத் தானே பொறுக்கி எடுக்கும் பிள்ளைக்கு மாலின் மரம் அப்புறம் பெரிதாகத் தெரியாது.

25 பகல்

அன்று பகலில் வெளியே போயே ஆக வேண்டும் என்றால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையா, பரங்கிமலையா என்பதுதான் நல்ல போட்டி. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி ஆலயம் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது, சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயம் என்று சொல்லப்படுவது. ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-இல் இங்கேதான் நடந்தது. சரித்திரப் பைத்தியங்களுக்கு விருந்து, மற்றவர்களுக்கு அரை மணி நேரம். தலைமைச் செயலக வளாகம் என்பதால் வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

பரங்கிமலைக்கே என் ஓட்டு. சுமார் 300 அடிக் குன்று, மேலே போர்த்துக்கீசியர் 1523-இல் கட்டிய சிற்றாலயம். பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் மரியாளின் பெயரில் அமைந்தது என்பதால் டிசம்பருக்கு இதைவிடப் பொருத்தமான ஆலயம் ஊரில் இல்லை. அன்னையின் திருநாளும் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால், 18-ஆம் தேதி. ஏறும் படிகளை 18-ஆம் நூற்றாண்டில் போட்டுக்கொடுத்தவர் பெத்ரோஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டிய அதே மனிதர். மேலே நின்றால் விமானங்கள் மீனம்பாக்கத்தில் இறங்குவது தெளிவாகத் தெரியும், பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். முட்டி வலி உள்ளவர்களுக்கு வண்டிப்பாதையும் இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.

கேக்

இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம். நட்சத்திர ஹோட்டல்கள் அக்டோபர், நவம்பரிலேயே கேக் மிக்சிங் என்று பழத்தில் மதுவை ஊற்றிப் படம் எடுத்துப் போடுகின்றன. பெட்டி அழகாக இருக்கும். விலையில் பாதி அந்தப் பெட்டிக்குத்தான். வேப்பேரியில் வேர்விட்ட ஸ்மித் ஃபீல்ட் 1885-இலிருந்தும், மெக்ரெனெட் 1903-இலிருந்தும் இந்த ஊருக்குக் கேக் போட்டுக்கொண்டிருக்கின்றன. அவர்களிடம் வாங்கினால் பணம் கேக்குக்குத்தான் போகிறது. ஆனால் இரண்டையும் தோற்கடிப்பது பெரம்பூர், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீட்டில் செய்து விற்பது. திராட்சையை மாதக்கணக்கில் ரம்மில் ஊறப்போட்டிருப்பார்கள். அதோடு குல்குல் என்ற இனிப்புப் பலகாரம், அச்சு முறுக்கு ஒரு டப்பா. மது சேர்க்காத கேக் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக் கேக்குக்கு டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லி வைத்துவிடுங்கள். பேக்கரியில் என்றால் 22-ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். பிளம் கேக் நாலு நாள் இருந்தால் ருசி கூடத்தான் செய்யும். 24 மாலை கடை வாசலில் நிற்பவர்களுக்குக் கிடைப்பது நீண்ட வரிசையும், ஐசிங் போட்ட ஸ்பாஞ்சும்தான்.