தமனியை வெட்டுவதா, உரித்தெடுப்பதா? கணையப் புற்றுநோயில் ஒரு கடினமான தேர்வு

கணையத்தின் நடுப்பகுதியில் வரும் புற்றுநோய் சீலியாக் தமனியைச் சுற்றிக்கொண்டால், முன்பெல்லாம் "ஆபரேஷனுக்கு வழியில்லை" என்பதுதான் பதில். கல்லீரல், இரைப்பை, மண்ணீரல் மூன்றுக்கும் ரத்தம் பிரிவது அந்த ஒரு தமனியிலிருந்துதான். இன்று கீமோவுக்கு நோய் நன்றாகக் கட்டுப்பட்ட சிலருக்கு வழி இருக்கிறது. எந்த வழி என்பதில்தான் சிக்கல்.

முதல் வழி, கட்டியோடு சேர்த்துத் தமனியையும் வெட்டி எடுப்பது. 1953இல் ஆப்பிள்பி என்ற அறுவை மருத்துவர் இதை இரைப்பைப் புற்றுநோய்க்காகச் செய்தார். இரைப்பையும் முழுதாகப் போனது. கணையத்துக்கான இன்றைய முறையில் இரைப்பை தங்கும். சரி, தமனி போனபின் கல்லீரலுக்கு ரத்தம் எங்கிருந்து வரும்? குடலுக்குப் போகும் மேல் குடல் தமனியிலிருந்து, கணையத் தலையைச் சுற்றியுள்ள சின்னக் குழாய்கள் வழியாக, இரைப்பை-முன்சிறுகுடல் தமனியில் தலைகீழாக ஏறி வரும். ஆகவே கட்டி இந்த இரைப்பை-முன்சிறுகுடல் தமனியைத் தொட்டிருக்கக் கூடாது.

ஆபரேஷன் மேஜையில் இதைச் சோதிக்கும் விதம் எளிமையானது. பொதுக் கல்லீரல் தமனியைக் கிளாம்பால் அடைத்துவிட்டு, அதற்கு மேலே கல்லீரலுக்குள் போகும் தமனியில் விரலை வைப்பார்கள். துடிப்பு நின்றுவிடாமல் இருந்தால் மாற்றுப்பாதை வேலை செய்கிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனிலும் பார்ப்பார்கள். துடிப்பு இல்லையென்றால் தமனியை மறுபடி இணைத்தாக வேண்டும். அந்த இணைப்பு அடைபடலாம், கணைய நீர் கசிந்தால் அரித்து ரத்தம் கொட்டலாம்.

எனக்குப் பெரிய கவலை இரைப்பைதான். இடது இரைப்பைத் தமனி சீலியாக்கின் கிளை என்பதால் பெரும்பாலும் அதுவும் போய்விடும். ரத்தம் போதாமல் புண் வரலாம், ஓட்டை விழலாம். கல்லீரலில் சீழ்க்கட்டி வரலாம். இதைத் தவிர்க்க, அறுவைக்குச் சில நாள் முன்பே பொதுக் கல்லீரல் தமனியைச் சின்னச் சுருள் கம்பி (coil) வைத்து அடைத்து, மாற்றுப்பாதையை வளரவிடுகிறார்கள். ஜப்பானில் ஹொக்கைடோ குழு இதை முன்னெடுத்தது. எல்லாருக்கும் இது பலன் தருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கட்டி இடம் கொடுத்தால் இடது இரைப்பைத் தமனியைக் காப்பாற்றுவதே மேல் என்பது என் கருத்து.

இரண்டாவது வழி, தமனியை விட்டுவிட்டு அதன் மேலிருக்கும் திசுவை உரித்தெடுப்பது. ஃபோல்ஃபிரினாக்ஸ் போன்ற கீமோவுக்குப் பிறகு ஸ்கேனில் தமனியைச் சுற்றித் தெரிவது வெறும் தழும்பாகவும் இருக்கலாம். ரத்த ஓட்டம் அப்படியே இருப்பதால் உறுப்புகள் பட்டினி கிடக்கும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஆனால் தமனிச் சுவருக்குள்ளேயே நோய் போயிருந்தால் மிச்சம் தங்கிவிடும். உரித்த சுவர் மெலிந்து, பிற்பாடு புடைத்து வெடிக்கவும் கூடும். மேல் குடல் தமனியைச் சுற்றி உரிக்கும்போது நரம்புகளும் போவதால் விடாத வயிற்றுப்போக்கு வரலாம்; நோயாளியை இது நிறையவே வாட்டும்.

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் இந்த இரண்டும் சேர்த்து 385 பேருக்குச் செய்ததில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 8.8 சதவீதம், கை பழகிய பின், 2013க்குப் பிறகு, 4.8. சீலியாக் தமனியை வெட்டிய 191 பேரைப் பார்த்த பன்னாட்டு ஆய்வில் 90 நாள் இறப்பு, அடிக்கடி செய்யும் இடங்களில் 5.5 சதவீதம், எப்போதாவது செய்யும் இடங்களில் 18. அவர்களின் சராசரி ஆயுள் சுமார் ஒன்றரை வருடம்தான் என்பதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

கீமோவுக்குப் பிறகு கட்டி அடங்கியிருந்தால் முதலில் உரித்துப் பார்க்கச் சொல்வேன். உள்ளே நோய் உறுதியானால், மாற்றுப்பாதையும் ஓடினால், அப்புறம் வெட்டலாம். வீட்டில் ஒருவருக்கு இந்த முடிவு எடுக்க வேண்டியிருந்தால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள், இரைப்பைக்கு ரத்தம் எதன் வழியாகப் போகப்போகிறது?