கூடத்துத் திரையும் கைத்திரையும்

கோத்தகிரியின் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் 1990களில் பதின்வயதைக் கடந்தவர்களும், இன்று அதே வீடுகளில் வளரும் அவர்களுடைய பிள்ளைகளும் வேறுபடுவதற்கு, விளம்பரம் வந்து சேரும் வழியும் ஒரு காரணம். 1993இல் சன் டிவி தொடங்கிய பின் வந்த விளம்பரங்களை வீடே கூடிப் பார்த்தது. சிவப்பழகுக் களிம்பு விளம்பரம் ஓடும்போது “எல்லாம் ஏமாத்து வேலை” என்று பாட்டி சொல்லும் ஒரு சொல், பேத்தியின் ஆசைக்கு அணை போட்டது. கறுப்பைக் குறையென்று கற்பித்த பழி அந்தத் திரைக்கும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கைபேசியில் பாட்டிக்கு இடமில்லை. எதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று கணக்கிட்டு அடுத்த காணொளியையும் விளம்பரத்தையும் செயலியே தேர்ந்தெடுப்பதால், கணப்பருகே சேர்ந்து அமர்ந்திருக்கும் அக்காவும் தம்பியும் வெவ்வேறு உலகங்களைக் காண்கிறார்கள். பல நேரங்களில் அது விளம்பரமாகவும் தெரிவதில்லை. பழகிய தோழி முகப்பூச்சைப் பரிந்துரைப்பதுபோல் வருகிறது. இதையே நான் பெரிய அபாயமாகக் கருதுகிறேன்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயது நிரம்பாதோரைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்குத் தடை இடம்பெற்றுள்ளது. ஆனால் அம்மாவின் கைபேசியில், அம்மாவின் கணக்கிலேயே பார்க்கும் பிள்ளையை அந்தத் தடை எவ்வாறு அடையாளம் காணும்?