கதவுப் புத்தகம்: ஒன்றரை வருஷம் பாப்பா கையில் இருந்த பிறகு

என் ஓரகத்தியின் பையனுக்கு இப்போது ஏழு மாசம். போன வாரம் போனில், “ஏனுங்க அக்கா, பாப்பாவுக்கு வாங்குனீங்களே அந்தக் கதவு புக்கு, தம்பிக்கும் வாங்கலாமுங்களா? ஆஃபர்ல வெல எறங்கியிருக்குதுங்க” என்று கேட்டாள். அவள் கேட்ட நேரம், நான் அதே புத்தகத்தில் மாட்டுக் கொட்டகைக் கதவை ஃபெவிகால் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். “வேண்டவே வேண்டாம் சாமி” என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

தடித்த அட்டை, மழுங்கிய மூலை, பக்கத்துக்கு ஒரு கதவு, கதவைத் தூக்கினால் ஒரு பிராணி. இந்த வகைப் புத்தகம் பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். என் கோபம் முழுக்க அந்தக் கதவின் கீல் மேல்தான். பக்கங்கள் கடித்தாலும், கட்டிலிலிருந்து வீசினாலும் அசையாது, அவ்வளவு கனம். ஓயாமல் திறந்து மூடுகிற கதவு மட்டும் கல்யாணப் பத்திரிகை அட்டை கனம்தான். முதலில் மடிப்புக் கோட்டில் மேலே இருக்கிற பளபளப்புத் தாள் வெடிக்கும். அந்த வெடிப்பில் எச்சில் இறங்கும். உள்ளே காகிதம் பஞ்சு பஞ்சாகப் பிரியும். அப்புறம் ஒரு நாள் கதவு கையோடு வந்துவிடும், அடுத்த நொடி அது வாய்க்குள் இருக்கும். சின்னத் துண்டு தொண்டையில் சிக்கினால் விளையாட்டில்லை. பக்கத்தில் ஆள் இல்லாமல் இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுக்கவே கூடாது.

லண்டனில் ராபர்ட் சேயர் என்பவர் 1765 வாக்கிலேயே மடிப்பைத் தூக்கிப் பார்க்கிற கதைத் தாள்களைக் குழந்தைகளுக்கென்று அச்சடித்து விற்றிருக்கிறார். 250 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஒரு கீலை உருப்படியாகச் செய்ய வரவில்லை.

“கிழிஞ்சா கிழியட்டும், கொழந்தை புக்குதானே” என்கிறார் வீட்டுக்காரர். கதவு போய்விட்டால் மிச்சம் இருப்பது வெறும் மாட்டுப் படம் என்பது அவருக்குப் புரியவில்லை. மறைத்து வைத்த பொருள் மறைத்த இடத்திலேயேதான் இருக்கிறது என்பது எட்டு மாசம் வாக்கில்தான் குழந்தைக்குப் பிடிபடும் என்று குழந்தைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே சொன்னார். அதற்கு முன்னாலேயே தெரியும் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் பாப்பா முதலில் கதவைத் தட்டினாள், நக்கினாள், அவ்வளவுதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்க வந்த பிறகு, ஒன்பது பத்து மாசம் இருக்கும், தானாகத் திறக்க ஆரம்பித்தாள். அதுகூடப் பெரிதில்லை. முதல் பிறந்தநாள் தாண்டி ஒரு பழக்கம் வந்தது. கதவு ஓரத்தில் நகத்தை வைப்பாள், திறக்க மாட்டாள். நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் “உள்ள ஆரு?” என்று கேட்டாக வேண்டும், கேட்கிறவரை காத்திருப்பாள். உள்ளே மாடுதான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இப்போது அவளே “ஆரு?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்கிறவரை கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். வேண்டுமென்றே “யானையா?” என்றால் சிரிப்பு தாங்காது. ஒரு அட்டைப் புத்தகத்திடம் இவ்வளவை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அதனால்தான் அந்தக் கீல் இப்படி எரிச்சலைக் கிளப்புகிறது. செல்லோ டேப் ஒட்டினால் கதவு விறைத்துக்கொள்ளும். மூடினாலும் கால்வாசி திறந்தே நிற்கும், மாட்டுக் கொம்பு வெளியே தெரியும். தெரிந்த பிறகு என்ன “ஆரு”? பாப்பா இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறாள். டேப் ஓரத்தில் அழுக்கு ஏறிக் கறுத்துப் போவது தனிக் கதை.

பெருந்துறையில் கணக்கு நோட்டு பைண்டிங் செய்கிற அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “டேப்பு ஆகாதுங்க, துணி வெச்சு ஒட்டுங்க” என்று, பைண்டிங்குக்குப் போடுகிற காலிக்கோ துணியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். அரை அங்குல அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, பாதி கதவிலும் பாதி பக்கத்திலும் வருகிற மாதிரி ஒட்ட வேண்டும். கதவுக்கும் பக்கத்துக்கும் நடுவே நூல் அளவு இடைவெளி விட வேண்டும், அதில்தான் சூட்சுமம். பசையைத் தண்ணீர் கலந்து மெல்லிசாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, இராத்திரி முழுக்கத் தோசைக்கல்லை ஏற்றி வைத்தேன். காலையில் கதவு படுத்தது பாருங்கள், புதுசில்கூட அப்படிப் படுத்ததில்லை. ஈரோட்டுப் பக்கம் காடாத்துணிக்குப் பஞ்சமில்லை, அதுவும் ஆகும் என்றார். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பாப்பா கையில் கொடுத்தேன். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம், அட்டை வளைந்துவிடும்.

எல்லாக் கதவும் இப்படி ஆன பிறகு துணிக் கனத்தில் புத்தகம் மூட மறுக்கிறது. நான் புத்தகம் வாங்கினேனா, பைண்டிங் தொழில் பழகினேனா என்று சில இராத்திரி தோன்றும்.

கம்பளித்துணி மாதிரிக் கதவு வைத்ததும் வருகிறது. அது கிழியாது, ஆனால் அரிசிம்பருப்புச் சோறு ஒட்டினால் போகாது, துடைக்கவும் முடியாது. இழுத்தால் படம் மாறுகிற வகையோ, இடுக்கில் ஒரு பருக்கை போனால் நின்றுவிடும்.

அப்புறம், கதவு இருந்தால் பிள்ளை நிறையக் கற்றுக்கொள்ளும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். 2010இல் ஜூடி டிலோச்சி என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இழுக்க, தூக்க வசதி வைத்த புத்தகத்தைவிட, சும்மா படம் மட்டும் இருந்த புத்தகத்திலிருந்துதான் சின்னப் பிள்ளைகள் புதுப் பிராணிகளின் பெயரை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். கை வேலையில் கவனம் போய்விடுகிறது. எங்கள் வீட்டிலும் மாடு, ஆடு எல்லாம் பாப்பா கோபியில் அம்மிச்சி (என் அம்மா) வீட்டில் மாடு கட்டுகிற கட்டுத்தரையில் பார்த்துப் பழகியதுதான்.

புத்தகத்திலிருந்து கற்றது வேறு. எதைப் பார்த்தாலும் தூக்கிப் பார்க்கிறாள். சோத்துக்குண்டா மூடி, தண்ணீர்த் தொட்டி மூடி, அப்பிச்சி (என் அப்பா) மடித்து வைத்த வேட்டி. ஆடி மாசம் அங்கே போயிருந்தபோது கட்டில் மேல் ஏறி நின்று தினசரி காலண்டரில் “ஆரு? ஆரு?” என்று தூக்கித் தூக்கி ஐப்பசி வரை கிழித்துவிட்டாள். அப்பிச்சி நல்ல நேரம் பார்க்க வந்து நின்றார். “அம்மிணி, இதெல்லாம் உன்ற கதவு புக்கு பண்ணுன வேல” என்றார் அம்மா.

சரி, வாங்கலாமா? ஓரகத்திக்கு என் பதில் இன்றைக்கும் வேண்டாம் என்பதுதான். நேற்று ஒட்டிய கோழிக்கூட்டுக் கதவு இன்று காலை மறுபடியும் வந்துவிட்டது, வேறு பதில் சொல்கிற மனநிலையில் நான் இல்லை. மீறி வாங்குவதென்றால் போனில் விலையைப் பார்த்து வாங்காதே. ஈரோடு புத்தகத் திருவிழாவோ கடையோ, எங்கேயாவது நேரில் கையில் எடுத்து ஒரு கதவை முழுசாகத் திறந்துவிட்டுக் கையை எடு. தானாகப் படுக்காமல் நின்றால் அங்கேயே வைத்துவிட்டு வா.