வாவிக்கரையில் சனி, ஞாயிறு: மட்டக்களப்புக்குப் புள்ளி போட்டால்

மட்டக்களப்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்களின் பயணத்தைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கதைதான். சனி மத்தியானம் வந்து சேருவது, சாப்பிட்ட கையோடு 35 கிலோமீற்றர் வடக்கே பாசிக்குடாவுக்கு வேன் பிடிப்பது, இருட்டியபின் திரும்பிப் படுப்பது, ஞாயிறு பத்து மணிக்குக் கோட்டைக்கு முன்னால் நின்று படம் எடுப்பது, ரயில். கல்லடிப் பாலத்தால் போன நேரத்தில் ஜன்னல் வழியாகக் கண்டதோடு வாவி முடிந்துவிடும்.

பாசிக்குடாவில் குறையில்லை. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு தாண்டாத கடல் அது, சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கரை கிழக்கில் கிடைக்காது. ஆனால் அது வேறு பயணம். அங்கே போவதென்றால் அங்கேயே அறை எடுங்கள். இரண்டு நாள்தான் கையிலிருக்கிறது, ஆறுதலாக இருந்துவிட்டு வரவேண்டும் என்றால் வாவியை மட்டும் பிடித்துக்கொள்வதே புத்தி.

இந்த வாவிக்கு நேரசூசி ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் நீரின் கடற்பக்கம் எழுவான்கரை, வயற்பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். எழுவான்கரையில் கல்லடி போன்ற இடங்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய துண்டு நிலம். காலையில் கடற்கரையில் நின்றால் சூரியன் கடலிலிருந்து வரும். மாலையில் கொஞ்சத் தூரம் மறுபக்கம் நடந்தால் அதே சூரியன் வாவிக்கு அப்பால், படுவான்கரைத் தென்னைகளுக்குள் இறங்கும். வாகனம் தேவையில்லை. இந்த ஒரு வசதிக்கே பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம்.

மாதம் பார்த்து வருவது முக்கியம். நவம்பர் தொடங்கி ஜனவரி முடியும்வரை வடகீழ்ப் பருவமழை. வாவி நிரம்பி, கடலோடு சேரும் வாயான முகத்துவாரத்தை வெட்டிவிட, தண்ணீர் காவி நிறத்தில் ஓடும், படகும் இல்லை, வாவிக்குள் கேட்கும் பாடுமீன் பாட்டும் இல்லை. மார்ச், ஏப்ரலில் தண்ணீர் கண்ணாடிபோல் நிற்கும். மே முதல் ஆகஸ்ட் வரை வானம் தெளிவு, ஆனால் கச்சான் காற்று. மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று பதினொரு மணிக்குப் பிறகு அடுப்பு வாயைத் திறந்ததுபோல் அடிக்கும். அந்த மாதங்களில் பதினொன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவே வெளியில் எந்தத் திட்டமும் போடாதீர்கள். ஆடி அமாவாசையை ஒட்டி அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா நடக்கும். அதைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் சரி, ஓய்வுக்கு வருகிறவர்கள் அந்தப் பத்து நாளையும் தவிர்க்கலாம், அறை கிடைப்பது கடினம்.

கொழும்பிலிருந்து ரயில்தான் வசதி, மட்டக்களப்பு கடைசி நிலையம் என்பதால் தூங்கி விழுந்தாலும் ஊர் தப்பாது. ஆனால் யானை கடக்கும் பகுதிகளில் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதால் அட்டவணையை நம்பி, இறங்கியவுடன் படகு ஏறுவதுபோல் திட்டம் போடக்கூடாது. ஒரு மணித்தியாலமாவது கையில் வையுங்கள். போயாவோடு (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்த சனி, ஞாயிறு என்றால் முன்பதிவு திறந்த கையோடு ஆசனம் போய்விடும். திருகோணமலையிலிருந்து வருகிறவர்களுக்கு வாகரை வழியாக ஏ15 வீதி. வெருகல், பனிச்சங்கேணிப் பாலங்கள் வந்தபின் அது அரைநாள்கூட எடுக்காத, பார்க்கவும் அழகான பயணம். யாழ்ப்பாணத்தார் இரவு பஸ்ஸில் வந்து சனி விடியலில் இறங்குவதே நல்லது, பகல் பயணம் என்றால் ஒரு நாள் வீதியிலேயே போய்விடும்.

அறை விஷயத்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. ‘வாவி தெரியும் அறை’ என்று போட்டிருக்கும் படம் பல இடங்களில் மொட்டைமாடியில் நின்று எடுத்தது. எடுக்கும் முன் தொலைபேசியில் நான்கு கேள்வி கேட்கவேண்டும். வாவி தெரிவது கட்டிலிலிருந்தா, மாடியிலிருந்தா? ஜன்னல் எந்தத் திசை? மேற்குப் பார்த்த அறை மாலைக் காட்சிக்கு நல்லது, ஆனால் பிற்பகல் வெயில் சுவரில் இறங்கி இரவு பத்து மணிவரை விடாது, ஆகவே மேற்கு என்றால் ஏசி கட்டாயம். நுளம்பு வலை உண்டா? வாவிக்கரையில் மழைக்குப் பிந்திய மாதங்களில் நுளம்புச் சுருள் போதாது. கடைசியாக, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? பாடுமீன் கேட்கப் போனால் திரும்ப நடுச்சாமம் ஆகும். குடும்பமாக நடத்தும் விடுதிகளில் இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வீட்டுக்காரரை எழுப்பும் சங்கடம். கல்லடிக் கரையோரக் கிணறுகளில் உவர் கலந்திருப்பதுண்டு. குளிக்கலாம், குடிக்கப் போத்தல் தண்ணீர்.

புளியந்தீவில் தங்குவதா, கல்லடியிலா? புளியந்தீவு பழைய நகரம். கோட்டை, பாடசாலைகள், தேவாலயங்கள் எல்லாம் நடை தூரம், ஞாயிறு காலையில் மணியோசை கேட்டு எழும்பலாம். ஆனால் இரவு எட்டு மணிக்கே வீதி அடங்கிவிடும், சாப்பாடு தேட வெளியில் போகவேண்டும். இரண்டு கரையும் வேண்டும் என்கிறவர்களுக்குக் கல்லடிதான்.

இனிப் படகு. காலைச் சவாரிக்கு ஆறு மணிக்குத் தண்ணீரில் இருக்கவேண்டும். ஒன்பதுக்குப் பிறகு காற்று எழும்பினால் சின்ன அலை வந்து படகை அடிக்கும், வெயிலும் ஏறிவிடும், கண்டல் எனும் சதுப்புநிலக் காட்டோரத்துப் பறவைகளும் உள்ளே போய்விடும். பேசும்போது ஆளுக்கு இவ்வளவு என்று பேசாமல் படகுக்கு, மணிக்கணக்குக்குப் பேசுங்கள். எங்கே ஏற்றி எங்கே இறக்குவார்கள், கண்டலுக்குள் எஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே சுற்றினால் நீர்க்காகம் பறந்து போகும் முதுகுதான் தெரியும். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இல்லாவிட்டால் ஏறவேண்டாம். ‘இடுப்பளவு தண்ணிதான்’ என்பார்கள். பல இடத்தில் அது உண்மை, பாலத்தடியில் அது உண்மையில்லை. கண்டல், கிண்ணை மரங்கள் அடர்ந்த ஓரங்களில் முதலை உண்டு, அந்தியில் அங்கே காலை நனைப்பதற்கு இறங்கக்கூடாது.

பாடுமீனைப் பற்றி எழுதாவிட்டால் ஊரார் மன்னிக்கமாட்டார்கள். 1848இல் வந்த குடியேற்றக்காலச் செயலாளர் எமர்சன் ரெனன்ற், நனைந்த விரலால் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஓசைபோல் இருந்ததென்று எழுதினார். அவரிடம் வாவிக்காரர்கள் சொன்னது மீனை அல்ல, ஊரியை. ஓட்டுநத்தை வகைதான் ஒலிக்கிறதென்பது அவர்களின் கணக்கு. மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1950களில் மிக்கேல் கல்லூரி யேசுசபைக் குருவானவர் ஒருவர் அதை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலியிலும் ஒலித்தது. ஆகவே இது வெறும் கட்டுக்கதை இல்லை.

கேட்பதற்கு ஒழுங்கு உண்டு. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, நிலவு முழுமையாக இருக்கும் இரவுகளில், கல்லடிப் பாலத்தை அண்டிய பகுதி. இரவு பத்துக்கு முன் போவது வீண். 2013இல் திறந்த புதுப்பாலத்தில் லொறி ஓடும் ஒவ்வொரு முறையும் தூண் வழியாக அதிர்வு தண்ணீரில் இறங்கும். எஞ்சினை நிறுத்தி, நங்கூரம் போட்டு, படகு அசைவு அடங்க ஐந்து நிமிடம் விடவேண்டும். பிறகு மரத்துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீரில் ஆழ விட்டு, பிடிப்பக்க நுனியைக் காதோடு அழுத்திப் பிடிக்கவேண்டும். நீரிலுள்ள ஒலி மரம் வழியாகக் காதுக்கு ஏறும். முதலில் கேட்பது படகின் பக்கத்தில் தண்ணீர் மோதும் சத்தம். அதற்குக் கீழே, விட்டுவிட்டு, தந்தியைச் சுண்டியதுபோல் மெல்லிய ஒலி. ஓரிடத்தில் பத்து நிமிடம் கேட்காவிட்டால் கொஞ்சம் நகர்ந்து பாருங்கள். ஆறு பேர் ஒரு படகில் போனால் யாராவது ஒருவர் சிரித்துக் கெடுப்பார், மூன்று பேர் அளவான கூட்டம். கேட்காமலும் போகலாம். நிச்சயம் கேட்கப்பண்ணுவேன் என்று கூடுதல் பணம் கேட்கும் படகுக்காரரிடம் ஏறாதீர்கள், நல்லவர்கள் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பாட்டுக்குப் பௌர்ணமி வேண்டும். ஆனால் பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் நண்டு என்பது மீன்பிடிக்காரர் கணக்கு. ஆக, பாட்டுக் கேட்க வந்த கிழமையில் இறாலையும் கொடுவாவையும் கேட்பதே கெட்டித்தனம். நண்டுதான் வேண்டும் என்றால் ஓடு பெரிதா என்று பார்க்காதீர்கள். தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மிஞ்சிய பாரம் இருக்கவேண்டும். வயிற்றுப்பக்கத்தை விரலால் அழுத்தினால் அமுங்கக்கூடாது. அமுங்கினால் ஓடு கழற்றி அதிக நாளாகாத நண்டு, உள்ளே தண்ணீர்தான் கிடக்கும். விடுதியில் சமைப்பிக்க விரும்பினால் காலை எட்டு மணிக்குள் சொல்லிவிடவேண்டும். மத்தியானம் சொல்லி இரவுக்குக் கேட்டால் ஐஸில் கிடந்ததுதான் சட்டிக்குள் வரும். மத்தியானச் சாப்பாட்டுக் கடைகளில் நல்ல மீன் ஒரு மணிக்குள் முடிந்துவிடும், இரண்டு மணிக்குப் போகிறவருக்குப் பருப்பும் சம்பலும் சொதியும். அதுவும் மோசமில்லை, ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. இரவில் பசித்தால் காத்தான்குடிப் பக்கம் போங்கள், ஊர் தூங்கியபின்னும் அங்கே அடுப்பு எரியும். வெள்ளி மத்தியானம் தொழுகைக்கு அங்கே கடைகள் பூட்டு, நோன்பு மாதத்தில் பகற் சாப்பாட்டுக் கடையும் இல்லை. ஞாயிறு நகரத்துக் கடைகள் பல பூட்டு. சாமான் வாங்குவதானால் சனிக்குள் முடியுங்கள்.

வெயில் ஏறிய நேரத்துக்குக் கோட்டை போதும். 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தது. நெடுங்காலம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) இதற்குள்தான் இயங்கியது. அரைமணி நேரத்தில் சுற்றி முடியும், மதிலில் ஏறினால் வாவி தெரியும். விளக்கப் பலகைகளை நம்பிப் போகாதீர்கள், இந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் பத்துக்கு மூன்றுதான் எடுக்கும். கல்லடியில் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது, அமைதியான இடம். பாலமீன்மடு வெளிச்சவீடு 1913ஆம் ஆண்டது. மாலை நான்கரைக்குப் பிறகு போனால் வாவி கடலைச் சந்திக்கும் இடத்தை நிழலில் நின்று பார்க்கலாம். கோடையில் அந்த வாயை மணல் மூடிக் கிடக்கும்.

கல்லடிக் கடற்கரை நடக்க நல்லது, நீந்த நல்லதில்லை. கரை சட்டென்று இறங்கும், இழுவையும் உண்டு. பாசிக்குடாவை நினைத்துக்கொண்டு பிள்ளைகளை விடவேண்டாம்.

ஞாயிறு காலைக்குப் படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கம் போகப் பாதையில்தான் ஏறவேண்டும் (பாதை என்றால் இங்கே வீதியில்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை). இப்போது ஓட்டோவில் வயல் நடுவே கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போய் வரலாம். போர்த்துக்கீசனுக்கு முன்னால் கல் நந்தி புல் தின்றதாகச் சொல்லும் கோயில் அது. ஓட்டோவைப் போகவர, காத்திருப்போடு சேர்த்து ஒரே தொகையாகப் பேசுங்கள். திரும்பி வர அங்கே வண்டி பிடிப்பது சுலபமில்லை. பத்து மணிக்குள் திரும்பினால் வெயிலுக்குத் தப்பலாம்.

திரும்பும் வழியில் எருமைத் தயிர் வாங்குவார்கள், வாங்கத்தான் வேண்டும். சட்டியை மெதுவாகச் சரித்துப் பாருங்கள். தயிர் விளிம்பை விட்டு நகரக்கூடாது, மேலே தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது. ஆடை தடிப்பாக இருந்தால் நல்ல பால். அன்று உறைந்ததைக் கேளுங்கள், முதல்நாள் உறைந்தது கொழும்பு போய்ச் சேருமுன் புளித்துவிடும். புதுச்சட்டி தண்ணீரைக் கசியவிடும், ஆகவே அடியில் மடித்த பத்திரிகைத் தாளும் அதற்குக் கீழே பிளாஸ்டிக் பையும். வாயைக் கட்டிய தாளுக்கு மேல் பையை இறுக்கிக் கட்டாதீர்கள், புழுங்கிப் புளிக்கும். ரயிலில் மேல்தட்டில் வைத்தால் வளைவில் கவிழும். காலுக்கு நடுவே, வெயில் விழாத பக்கம்.